இல்லாததைத் தேடும் இயந்திரம்

காய்ச்சல் விட்ட பின்னும் மூட்டுவலி விடுவதில்லை. 2006ஆம் ஆண்டின் இறுதியில் இந்நாட்டிலே சிக்குன்குன்யா பரவியபோது அதனை அனுபவித்தவர்களுக்கு இதனை எவரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. கிருமி போய்விட்டது என்று வைத்தியர் சொன்ன பின்பும், மாதக்கணக்கிலே படியேற முடியாமல் நின்றவர்கள் பலர். நோய் போய்விட்டதென்றால் பின்னர் ஏன் நோகிறது என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

கணினிக்கும் இத்தகைய பின்னோய் உண்டு. வைரஸ் என்று நாமெல்லாம் பொதுப்பட வழங்கும் நச்சு நிரல் ஒன்று அதனுட் புகுகிறது. எதிர்ப்பு மென்பொருள் அதனைக் கண்டு நீக்குகிறது. எல்லாம் துப்புரவாயிற்று என்று பச்சை நிறத்திலே அறிவிக்கவும் செய்கிறது. மறுநாட் காலை கணினியைத் திறந்தால், புரியாத ஆங்கிலத்திலே ஒரு பெட்டி திரையின் நடுவே எழுந்து நிற்கிறது. கோப்புறைகளைக் காணோம். இணையம் இணைய மறுக்கிறது. வைரஸ் எப்படிப் பரவியது, யார் ஏவினார்கள், எத்தனை கோடி நட்டம் என்பவற்றையெல்லாம் பத்திரிகைகள் எழுதுகின்றன. அது போன பின்னர் எஞ்சுவதைப் பற்றி எழுதுவார் அரியர். நாம் எழுதப் புகுந்தது அந்த எச்சத்தைப் பற்றியே.

கண்டி நகருக்குத் தென்மேற்கே எழும் ஹந்தானை மலைத்தொடரின் ஒரு புறத்துச் சரிவிலே பேராதனைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இன்னொரு புறத்திலே தேயிலை மலைகளும், லயங்களும், 1925இல் எழுந்த தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றிலே இன்று இயங்கும் தேயிலை அருங்காட்சியகமும் இருக்கின்றன. நாம் தமிழ் கற்றது அந்தப் புறத்தில். தமிழ் கற்பிப்பது இந்தப் புறத்தில். இடையிலே உள்ள தூரத்தை மைற்கல் நட்டு அளந்துவிட முடியாது. எமது பாடசாலைக்கு நல்லுள்ளம் படைத்த ஒருவர் இரண்டு பழைய கணினிகளை அளித்தார். இரண்டும் விண்டோஸ் 7இல் இயங்குபவை. 2020 ஜனவரி 14ஆம் திகதியுடன் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன இயங்குதளம் அது. நகரத்து அலுவலகங்கள் கழித்துவிட்டவை தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புதியவையாக வந்து சேர்வது வழமைதானே!

அக்கணினிகளிலே மாணவர்கள் செய்துவந்த பணி சிறிதன்று. மலைநாட்டு மக்களின் நாட்டார் பாடல்களை சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்தார். அதன்பின் எஞ்சியவற்றுள் சிலவேனும் எமது தோட்டத்துப் பாட்டிமாரின் நினைவிலே இருக்கும் என்ற நம்பிக்கையில், உயர்தர வகுப்பு மாணவர் சிலர் லயம் லயமாகச் சென்று கேட்டெழுதினர். தாலாட்டும் ஒப்பாரியும், கொழுந்து பறிக்கையிலே பாடும் பாட்டுகளும், இன்று வழக்கொழிந்த தோட்டத்துச் சொற்களும் அதில் அடங்கின. கைத்தொலைபேசியிலே குரல்களையும் பதிந்தனர். பாடிய பாட்டிமாருள் ஒருவர் சென்ற ஆண்டு காலமானார். அவருடைய குரல் ஒரு பென் டிரைவிலே மட்டும் இருந்தது. மாணவர் அதனைப் 'பென்' என்றே சொல்வர். நாமும் அவ்வாறே சொல்வோம்.

அந்தப் பென்னிலேதான் வைரஸ் வந்தது. அச்செடுப்பதற்காக ஒரு தகவல் நிலையக் கணினியிலே செருகப்பட்டு, அங்கிருந்து தொற்றிக்கொண்டு திரும்பியது. எமது பகுதியிலே அச்சுப்பொறி உள்ள இடங்கள் சிலவே. நூற்றுக்கணக்கான பென்கள் அங்கு ஒன்றன்பின் ஒன்றாகச் செருகப்படுகின்றன. கிணற்றடியில் ஒரே வாளியை ஊரெல்லாம் பாவித்தால் கொள்ளைநோய் பரவாதா?

வந்த வைரஸின் வகை மிகப் பழையது. பென்னில் உள்ள உண்மையான கோப்புறைகளை அது கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடும். அதே பெயர்களிலே போலிக் குறுக்குவழிகளை உண்டாக்கி வைக்கும். 'பாடல்கள்' என்று பெயரிட்ட கோப்புறையைத் திறப்பதாக எண்ணி மாணவன் சொடுக்குவான். திறப்பது வைரஸின் சிறு நிரல். அது கணினியிலே தன்னைப் பிரதிசெய்துகொண்டு, ஒவ்வொரு முறை கணினி விழிக்கும்போதும் தன்னையும் எழுப்பும்படி பதிவேட்டிலே ஒரு வரியை எழுதி வைத்துவிடும். அடுத்து எந்தப் பென் செருகப்பட்டாலும் அதற்கும் இதே கதி.

எதிர்ப்பு மென்பொருள் வந்து அந்த நிரலைக் கொன்றது. ஆயின் பதிவேட்டின் வரியை அது தொடவில்லை. ஆகவே கணினி காலைதோறும் விழித்து, பதிவேட்டைப் பார்த்து, அதிற் குறித்த இடத்திற்குச் சென்று, அங்கே ஒன்றும் இல்லாமையைக் கண்டு, 'இந்த நிரற்கோப்பைக் காண முடியவில்லை' என்று எமக்கு முறையிட்டது. மாணவர்கள் அஞ்சினர். வைரஸ் இன்னும் இருக்கிறது என்று எண்ணினர். உண்மை அதற்கு நேர்மாறானது: அந்தச் செய்திதான் வைரஸின் நிரல் அங்கு இல்லை என்பதற்குச் சான்று. அழைப்பு இருக்கிறது, அழைக்கப்பட்டவன் இல்லை.

விண்டோஸ் இயங்குதளத்திலே 'ரெஜிஸ்ட்ரி' என்று சொல்லப்படுவதை நாம் மாணவர்க்குப் பதிவேடு என்றே மொழிபெயர்த்தோம். ஹந்தானைப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லின் கனம் நன்கு தெரியும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மலைகளிலே வாழ்ந்த பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைக் கணக்குப் போட்டுப் பங்கிட்டது. எஞ்சிய நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை அளிக்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் வந்தது. ஆட்கள் இருந்தார்கள், பதிவு இல்லை. இங்கே கணினியிலே பதிவு இருக்கிறது, ஆள் இல்லை. "அப்ப நம்ம தாத்தாவுக்கு நடந்ததோட மறுபக்கம் சேர் இது" என்றான் ஒரு மாணவன். பாடநூலாசிரியர் எவரும் இவ்வளவு தெளிவாக விளக்கியிருக்கமாட்டார் என்பது எமது எண்ணம்.

நிற்க. முதற் கணினி பரீட்சை விண்ணப்ப வேலைக்கு உடனடியாகத் தேவைப்பட்டமையால் நகரத்துக் கடை ஒன்றிற்குச் சென்றது. கடைத் தம்பி கெட்டவரல்லர்; உழைத்துப் பிழைப்பவர். செய்தியைப் படித்துப் பார்க்கவும் அவருக்கு நேரமில்லை. "போர்மட் அடிச்சிருவோம் சேர். கரைச்சலே இல்ல. பென்னையும் சேர்த்து அடிச்சிருங்க" என்றார். போர்மட் என்றால் யாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்குதல். நாளொன்றுக்குப் பத்துக் கணினி பார்ப்பவர்க்கு அதுவே விரைவான வைத்தியம். வேண்டியவற்றின் பிரதி வேறிடத்திலே இருப்பவனுக்கு அதனால் இழப்பில்லை. ஒரே ஒரு பிரதியை வைத்திருப்பவனுக்கு அது தலைவலிக்குத் தலையைக் கொய்யும் மருந்து. பென்னை நாம் கொடுக்கவில்லை.

முதற் கணினி துப்புரவாகத் திரும்பி வந்தது. மாணவரின் ஆவணங்களைக் கடைத் தம்பி முன்னதாகவே பிரதிசெய்து மீள வைத்திருந்தார். அந்த அளவிற்கு நேர்மையானவர். ஆனால் ஆவணங்களைத் திறந்தபோது ஒரு சொல்லும் தமிழாக இல்லை. 'தமிழ்' என்று தட்டச்சிட்ட இடத்திலே ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. ஒப்பாரிகள் எல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாகக் கிடந்தன. வைரஸ் தமிழைத் தின்றுவிட்டது என்று ஒரு சிறுவன் சொன்னான், மற்றவர்கள் சிரிக்கவில்லை.

இதிலே வைரஸுக்குப் பங்கில்லை. இலங்கையிலே பரவலாக வழங்கிய பாமினி என்னும் எழுத்துருவிலே தட்டச்சிட்டால், கணினியின் உள்ளே சேமிக்கப்படுவன ஆங்கில எழுத்துகளே. ஜே என்ற எழுத்திற்குத் தகரத்தின் உருவையும், கே என்ற எழுத்திற்கு மகரத்தின் உருவையும் பாமினி போர்த்துகிறது. அரைப்புள்ளி மெய்யெழுத்தின் புள்ளியாகிறது. எழுத்துரு நீங்கினால் போர்வை நீங்குகிறது. போர்மட் செய்த கணினியிலே பாமினி இல்லை, அவ்வளவே. அதனை மீள நிறுவிய அக்கணமே பாட்டிமார் தமிழிலே பாடத் தொடங்கிவிட்டனர். யூனிகோட் குறிமுறையின் முதற் பதிப்பிலே, 1991ஆம் ஆண்டிலேயே, தமிழ் எழுத்துகளுக்குத் தனியிடம் கிடைத்துவிட்டது. பாமினியிலிருந்து யூனிகோட்டிற்கு மாற்றும் நிரல்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு எல்லா ஆவணங்களையும் மாற்றினோம். இரு வாரம் பிடித்தது. 'ஸ்ரீ' போன்ற சில எழுத்துகள் மட்டும் பிழையாக மாறின, கையாலே திருத்தினோம்.

இரண்டாவது கணினியையும் பென்னையும் நாமே பார்ப்பதென்று முடிவாயிற்று. தமிழாசிரியனுக்கு இதிலே என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். வேலையின் பெரும்பகுதி வாசிப்புத்தான். திரையிலே தோன்றிய ஒவ்வொரு செய்தியையும் மாணவர்கள் கொப்பியிலே எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொண்டனர். அகராதியை வைத்துப் பொருள் எழுதினர். பின்னர் எது எழுவாய், எது பயனிலை என்று பிரித்தனர். 'காண முடியவில்லை' என்பது ஒன்று; 'அனுமதி இல்லை' என்பது வேறொன்று; 'சேதமுற்றது' என்பது இன்னொன்று. மூன்றையும் 'வைரஸ்' என்ற ஒரே சொல்லால் அழைத்துக்கொண்டிருக்கும் வரையில் ஒன்றிற்கும் மருந்து கிடைக்காது. விண்டோஸிற்குத் தமிழ் முகப்பும் உண்டு. ஆயின் எமக்கு வந்த கணினிகளிலே அது நிறுவப்பட்டிருக்கவில்லை.

முதலிலே பென். எங்கு பார்த்தாலும் குறுக்குவழிகள், சொடுக்கினால் பிழைச் செய்தி, பாடல்களைக் காணோம். அழிந்துவிட்டன என்றே பலரும் துணிந்தனர். அப்போது, பாட்டியை இழந்த அந்த மாணவி, பென்னின் கொள்ளளவைக் காட்டும் வட்டப்படத்தைச் சுட்டி, "சேர், பாட்டெல்லாம் அழிஞ்சு போயிருந்தா எடம் காலியாத்தானே இருக்கணும்? முக்காவாசி நெறஞ்சிருக்குன்னு காட்டுதே!" என்றாள். அவள் சொன்னதே சரி. கோப்புகள் அங்கேயே இருந்தன. அவற்றின்மீது 'மறைவு' என்றும் 'முறைமைக்குரியது' என்றும் இரண்டு முத்திரைகளை வைரஸ் குத்திவிட்டிருந்தது. மறைவான கோப்புகளைக் காட்டு என்று சாதாரணமாகக் கட்டளையிட்டாலும் இவை வெளிவாரா. ஏனெனில் முறைமைக்குரிய கோப்புகளை விண்டோஸ் தனியாகப் பூட்டிக் காக்கிறது. கரிய கட்டளைச் சாளரத்தைத் திறந்து, 'அட்ரிப்' என்னும் கட்டளையாலே அம்முத்திரைகளை நீக்குமாறும், உட்கோப்புறைகளுக்கும் அவ்வாறே செய்யுமாறும் எழுதினோம். ஒரு வரிதான். நொடிப்பொழுதிலே கோப்புறைகள் மீண்டும் தோன்றின. குறுக்குவழிகளை மட்டும் அழித்தோம். அன்று மாலையே எல்லாவற்றையும் மூன்று இடங்களிலே பிரதிசெய்துவிட்டோம்.

பின்னர் கணினி. இங்கே எச்சங்கள் நான்கு வகையின. காலைதோறும் வரும் முறையீட்டை முன்னரே சொன்னோம். கணினியுடன் சேர்ந்து எழும் நிரல்கள் அனைத்தையும் ஒரே பட்டியலிலே காட்டும் 'ஓட்டோரன்ஸ்' என்னும் கருவியை மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் கொக்ஸ்வெல்லும் ஆக்கி இலவசமாக வழங்கினர். அவர்களது நிறுவனத்தை 2006இல் மைக்ரோசொப்ட் வாங்கிய பின்பும் அது இலவசமாகவே கிடைக்கிறது. கோப்பு இல்லாத பதிவுகளை அது நிறமிட்டுக் காட்டும். உடனே அழிக்காமல், பக்கத்திலுள்ள அடையாளத்தை மட்டும் நீக்கிவிட்டு ஒருநாள் பொறுத்துப் பார்த்தோம். கணினி ஒழுங்காக எழுந்த பின்னரே அந்த வரியை அழித்தோம். பதிவேட்டில் கைவைக்குமுன் அதன் பிரதியொன்றைச் சேமித்துக்கொள்வது எத்தனை அவசரத்திலும் விடலாகாதது.

இரண்டாவது எச்சம் எமக்குச் சிரிப்பையும் சினத்தையும் ஒருங்கே தந்தது. இயங்கும் நிரல்களைக் காட்டும் பணி மேலாளரைத் திறக்க முயன்றால், 'உங்கள் நிர்வாகி இதனைத் தடைசெய்துள்ளார்' என்று செய்தி வந்தது. யார் அந்த நிர்வாகி? அந்தக் கணினிக்கு எம்மையன்றி வேறு நிர்வாகி இல்லை. தன்னைக் கண்டுபிடித்துவிடாதபடி வைரஸே நிர்வாகியின் பெயரால் அந்தத் தடையைப் போட்டுவிட்டுப் போயிருந்தது. மேலிடத்து உத்தரவு என்ற சொல்லைக் கேட்டவுடன் கைகட்டி நிற்பது தோட்டத்திலே தலைமுறைகளாக வந்த பழக்கம். உத்தரவு யாருடையது, எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டு, பதிவேட்டிலே அந்த ஒற்றை வரியைத் தேடிப் பிடித்து அழித்தபோது மாணவர்கள் கைதட்டினர்.

மூன்றாவது, இணையம். எல்லா இணைப்புகளையும் ஓர் இடையாளின் வழியே அனுப்பும்படி வைரஸ் அமைத்திருந்தது. வேலையாட்கள் துரையிடம் எதைச் சொல்வதானாலும் கங்காணி வழியாகவே சொல்லவேண்டும் என்றிருந்த காலத்தை நினைத்துக்கொள்க. கங்காணி ஓடிவிட்டான், அவன் வழியாகவே பேசவேண்டும் என்ற கட்டளை மட்டும் நீடிக்கிறது, ஆகவே ஒருவர் குரலும் போய்ச் சேர்வதில்லை. இணைய அமைப்புகளிலே 'ப்ரொக்சி' என்ற இடத்திலிருந்த அடையாளத்தை நீக்கியதும் வழி திறந்தது. நான்காவது, 'ஹோஸ்ட்ஸ்' என்னும் சிறு கோப்பு. எதிர்ப்பு மென்பொருள் நிறுவனங்களின் தளங்களை நாடினால் கணினி தன்னையே சுற்றிவரும்படி அதிலே சில வரிகள் சேர்க்கப்பட்டிருந்தன. அவற்றை நீக்கினோம். இறுதியாக, சேதமுற்ற முறைமைக் கோப்புகளைத் தானே சோதித்து மாற்றும் 'எஸ்.எஃப்.சி.' என்னும் கட்டளையை ஓடவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டோம்.

போர்மட் ஒருபோதும் வேண்டாம் என்று நாம் வாதிடுவதாக எவரும் எண்ணவேண்டாம். சில வைரஸ்கள் இயங்கத்தக்க கோப்பு ஒவ்வொன்றினுள்ளும் தம்மை எழுதிவிடும். சில இயங்குதளத்திற்கும் அடியிலே பதுங்கிவிடும். அத்தகைய நிலையிலே, தேவையானவற்றைப் பிரதிசெய்துகொண்டு யாவற்றையும் அழித்துத் தொடங்குவதே அறிவுடைமை. கடவுச்சொற்களையும் வேறொரு துப்புரவான கணினியிலிருந்து மாற்றிவிடவேண்டும். கோப்புகளை மறையாக்கிப் பணயப் பணம் கேட்பவை வேறு இனம்; பிரதி இல்லாதவனுக்கு அங்கே பெரும்பாலும் வழியில்லை. இன்னுமொரு கூட்டம் உண்டு. 'உங்கள் பதிவேட்டிலே எண்ணூறு பிழைகள் உள்ளன. பணம் கட்டினால் திருத்துவோம்' என்று அச்சமூட்டிப் பிழைக்கும் துப்புரவு மென்பொருள் வியாபாரிகள் அவர்கள். இத்தகைய துப்புரவு நிரல்களைத் தாம் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசொப்ட் நிறுவனமே அறிவித்திருக்கிறது. நோயாளியின் அச்சத்திலே வயிறு வளர்க்கும் போலி வைத்தியர்கள் எக்காலத்திலும் இருந்தனர்.

இவ்வகை வைரஸ்களின் வரலாறு எமது பக்கத்து நாட்டிலேயே தொடங்குகிறது. ஐ.பீ.எம். கணினிகளைத் தாக்கிய முதல் வைரஸான 'பிரெய்ன்' 1986இல் லாகூரிலே பிறந்தது. பாசித், அம்ஜத் என்னும் அல்வி சகோதரர்கள் தமது மருத்துவ மென்பொருளைக் களவாகப் பிரதிசெய்வோரைப் பிடிக்கவே அதனை எழுதினர். தமது பெயரையும் முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் அதனுள்ளே பொறித்தும் வைத்தனர். 2000ஆம் ஆண்டு மே 4ஆம் திகதி மணிலாவிலிருந்து காதற்கடித வேடத்திலே புறப்பட்ட நிரல் உலகையே கலக்கியது. அதனை எழுதிய ஒனெல் டி குஸ்மான் ஓர் ஏழை மாணவர். இணையத்திற்குக் கட்டணம் செலுத்த வழியின்றிப் பிறர் கடவுச்சொற்களைத் திருடுவதற்காக எழுதியதாகப் பின்னாளிலே ஒப்புக்கொண்டார். அந்தக் காதற்கடிதமும் எமது பென்னிலே வந்த நிரலும் ஒரே மொழியிலே, விஷுவல் பேசிக் ஸ்கிரிப்ட் என்னும் மொழியிலே, எழுதப்பட்டவை. அம்மொழியைப் படிப்படியாகக் கைவிடப்போவதாக மைக்ரோசொப்ட் அறிவித்தது 2023 ஒக்டோபரிலேதான். காற்பங்கு நூற்றாண்டு பழைமையான ஓட்டை வழியாகவே எமது பாடசாலைக்குள் வைரஸ் நுழைந்தது.

ஹந்தானையிலிருந்து பார்க்கும் எமக்கு இதிலே வேறொரு வரலாறும் தெரிகிறது. இக்கண்டி மலைகளிலே தேயிலைக்கு முன்னர் இருந்தது கோப்பி. 1869இல் கோப்பி இலையிலே செம்மஞ்சட் பொடியாகத் தோன்றிய பூஞ்சணத்தின் மாதிரியைப் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் இங்கிலாந்துக்கு அனுப்பினார். அதற்குப் பெயரிட்டாயிற்று, நிறுத்த முடியவில்லை. 1880இல் வந்து ஈராண்டு ஆராய்ந்த மார்ஷல் வார்ட், பூஞ்சணத்தின் வித்துகள் காற்றிலே பரவுவதையும், இடைவெளியே இன்றி மலைமலையாக ஒரே பயிரை நட்டமை அதற்கு எத்துணை வசதியாயிற்று என்பதையும் எடுத்துக்காட்டினார். கோப்பி அழிந்தது. 2003இல் டானியல் கியர் முதலிய கணினிப் பாதுகாப்பு அறிஞர் எழுவர், உலகின் கணினிகள் யாவும் ஒரே இயங்குதளத்தில் ஓடுவது ஒரே பயிரை நடுவது போன்ற ஆபத்து என்று அறிக்கை எழுதினர். அதன் பின்னர் கியர் தாம் பணியாற்றிய நிறுவனத்திலிருந்து நீங்க நேர்ந்தது. தோட்ட முதலாளிகளும் மென்பொருள் முதலாளிகளும் இவ்விடயத்திலே ஒரே பள்ளியிற் படித்தவர்கள் போலும்.

ஏழைகளின் அறியாமையே இத்தொல்லைகளுக்குக் காரணம் என்று நகரத்து மேதைகள் சிலர் சொல்வதுண்டு. அவர்களுக்கு 2023ஆம் ஆண்டை நினைவூட்டுவோம். அவ்வாண்டு ஓகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசாங்கத்தின் முகிற்கணினித் தொகுதியைப் பணயப் பணம் கேட்கும் வைரஸ் தாக்கியது. அரசாங்கப் பெயரிலுள்ள ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிப்புற்றன; அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் ஒன்று. பன்னிரண்டு மணி நேரத்திலே தொகுதி மீண்டும் இயங்கியது. ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் திரும்பவில்லை. அக்காலத்திற்குரிய பிரதி எங்கும் இருக்கவில்லை. மின்னஞ்சலை இயக்கிய மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதனைப் புதுப்பிக்க 2021 முதலே எண்ணியிருந்தும், நிதிப் பற்றாக்குறை முதலிய காரணங்களால் அது தள்ளிப்போயிற்று. நாடு பொருளாதாரத்தில் முறிந்து கிடந்த ஆண்டுகள் அவை என்பதை நாம் மறக்கவில்லை. எமது பாடசாலையின் பழைய கணினிக்கும் அமைச்சரவையின் மின்னஞ்சலுக்கும் நோய் ஒன்றே: காலங்கடந்த மென்பொருள், பிரதியின்மை, காசின்மை. அமைச்சரவைக்கு வைத்தியம் பார்க்கப் பொறியியலாளர் குழு உண்டு. எமக்கு அகராதியும் கொப்பியும் உண்டு.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவும் முடிந்தது. அலுவலகங்கள் அவற்றைக் கழிக்கத் தொடங்கும். நல்லுள்ளம் படைத்தோர் தோட்டப் பாடசாலைகளுக்கு அனுப்பி வைப்பர். வேண்டாமென்று சொல்லும் நிலையில் நாம் இல்லை. அவற்றை வாங்கி வைக்கும் பாடசாலைகளில் ஒருவரேனும் பிழைச் செய்தியைத் தமிழிலே எடுத்துச் சொல்லவும், பென்னை அழிக்குமுன் அதன் வட்டப்படத்தைப் பார்க்கவும் தெரிந்தவராக இருந்தால், எத்தனையோ பாட்டிமாரின் குரல்கள் பிழைக்கும். எமது மாணவர் எழுதிய கொப்பியிலே இன்று முப்பத்தேழு செய்திகள் பொருளுடன் உள்ளன. பக்கத்துத் தோட்டத்துப் பாடசாலையினர் அதனைக் கேட்டு வாங்கிப் பார்த்தெழுதிக்கொண்டு போயிருக்கின்றனர்.

இரண்டாவது கணினியிலே ஒரு கோளாறு மட்டும் எஞ்சியிருந்தது. இணையத்தளங்கள் பல, 'இத்தளத்தின் சான்றிதழ் செல்லாது' என்று எச்சரித்தன. வைரஸின் மிச்சந்தான் என்று எல்லாரும் பதிவேட்டைத் துழாவிக்கொண்டிருக்க, திரையின் மூலையிலுள்ள திகதியை ஒரு மாணவன் படித்தான்: 2009ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி. கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டும் சிறு மின்கலம் தீர்ந்துபோயிருக்கிறது. 2009இலே நிற்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ்கள் இன்னும் பிறக்காதவை அல்லவா? மூடியைக் கழற்றி அந்த வட்டவடிவ மின்கலத்தை வெளியே எடுத்தோம். மணிக்கூட்டுக் கடைகளிலும் கிடைப்பது. சனிக்கிழமை கண்டிக்கு இறங்கும் மாணவனிடம், இலக்கத்தைப் பார்த்து வாங்கி வரும்படி, பழையதைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தனுப்பியிருக்கிறோம்.